உங்கப்பா நெஞ்சும் என் கை உப்பும்

சிரஞ்சீவி சண்முகத்துக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து உன் அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. இல்லை என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். போன வாரம் உன் தங்கை வளைகாப்புக்கு வந்திருந்தபோது, மாடியில் கிடந்த ஜமுக்காளத்தை எடுத்து வரச் சொல்லி உன்னை அனுப்பினேன். பதினோரு படி. ஏழாவது படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாய். "என்னய்யா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, வெயிலு" என்றாய். கார்த்திகை மாதம், வெளியே தூறிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது வயசுப் பிள்ளை ஏழு படிக்கு மூச்சு வாங்கினால் அதற்கு வெயில் என்று பெயர் வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

அன்றைக்கே அடுக்களையில் உன் பெண்டாட்டி பார்வதியைக் கேட்டேன். அந்தப் பிள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சாயங்காலம் பூட்ஸக் கழத்துனா கால்ல அச்சு விழுது அத்தை. விரலால அமுக்குனா குழி அப்படியே நிக்குது. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ." அவளைக் கோபிக்காதே. நான் கேட்ட கேள்விக்குத்தான் அவள் பதில் சொன்னாள். ஆனால் அந்தக் குழி என்று அவள் சொன்னதும் என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில், உங்கப்பாவின் காலில் அந்தக் குழியை நான் பார்த்திருக்கிறேன். அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பது உனக்குத் தெரியாது. அப்போது நீ பாளையங்கோட்டையில் மாமா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாய். "அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல்" என்று நான்தான் உனக்குப் பொய்க் கடிதம் எழுதினேன். இப்போது நிஜக் கடிதம் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

செங்கோட்டைக்கு ரயில் பாதை போட மண் கொட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. உங்கப்பாவுக்கு நாற்பத்தாறு வயசு. கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் எதிர்க்கட்சி வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கிவிடுவார் என்பார்கள். வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு எத்தனை தூரம் என்று உனக்கே தெரியும். பேசிக்கொண்டே நடந்தால் பேச்சு முடிவதற்குள் போய்விடலாம். அதற்கும் வில்வண்டி. வாசலில் வண்டி ஏறி கோர்ட்டு வாசலில் இறங்குவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலி. வந்தால் சாய்வு நாற்காலி. சாப்பிட்டதும் சுருட்டு, கட்சிக்காரர் வந்தால் சுருட்டு, கட்சிக்காரர் போனதும் ஒரு சுருட்டு. கோபம் வந்தால் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். வந்த கோபத்தை அடக்குவது ஆண்மைக்குக் குறைவு என்று நினைத்திருந்தார். அவரை அப்படி யாரும் மாற்றச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. புருஷன் தொந்தி வைத்தால் பெண்டாட்டி நன்றாகச் சமைக்கிறாள் என்று ஊர் சொல்லும் அல்லவா, எனக்கு அது பெருமையாக இருந்தது.

என் சமையலைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஆனாலும் இந்தத் தெருவில் விசேஷம் என்றால் சொதிக்கும் அவியலுக்கும் பக்குவம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். உங்கப்பாவுக்கு எதிலும் உப்பு ஒரு கல் தூக்கலாக வேண்டும். அப்பளம், மோர் மிளகாய், நார்த்தங்காய், சுண்டவற்றல் நாலும் இலையில் இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். மோருக்கும் உப்பு, மாங்காய்த் துண்டுக்கும் உப்பு. ருசி தெரிந்த மனுஷன் என்று நான் பூரித்துப் போவேன்.

அந்தத் தையில் அவருக்குக் கால் வீங்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை, மூன்று தலையணை என்று ஏறிக்கொண்டே போயிற்று. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வைத்தியரை அழைத்து வந்தோம். ஒல்லியான மனுஷர், அதிகம் பேச மாட்டார். நாடி பிடித்தார், காலை அமுக்கினார், குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தாயி, கிணத்துல தண்ணி இறைக்கிற கமலை மாட்டுக்குச் சால் ரெண்டு மடங்கு கனத்தா என்ன செய்யும்? இழுக்கும், இழுக்கும், ஒரு நாள் படுத்துரும். ஐயா நெஞ்சு அந்த மாடுதான். உப்பு உடம்புல தண்ணியக் கட்டி வைக்குது. அம்புட்டுத் தண்ணியையும் இழுக்கது அதுதான். மருந்து நான் தாரேன். ஆனா பாரத்தைக் குறைக்க வேண்டியது உங்க அடுக்களை. ஒரு மண்டலம் உப்பே கூடாது."

நீர்முள்ளிக் கஷாயம் கொடுத்தார். சுருட்டை விடச் சொன்னார். உப்பில்லாப் பத்தியம் தொடங்கியது.

முதல் நாள் உங்கப்பா ஒரு கவளம் வாயில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தை ஒதுக்கிவிட்டுக் கை கழுவினார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், "ஏளா, இதைத் தின்னு உசிரு வாழ்றதுக்குத் தின்னாமலே போயிரலாம்" என்றார். எய்யா, பதினெட்டு வருஷம் என் கையால் சாப்பிட்டு ஒரு நாள் முகம் சுளிக்காத மனுஷர். நாலாம் நாள் ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டேன். அவர் முழுச் சோறும் சாப்பிட்டார். அவர் வயிறு நிறைந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் மறுநாள் இரண்டு சிட்டிகை. பத்து நாளில் பழைய அளவுக்கே வந்துவிட்டேன். வைத்தியர் வந்து கேட்டால், "பத்தியந்தான்" என்பேன். நோயாளி சாப்பிட்டால்தானே உடம்பு தேறும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதற்குள்ளே இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உப்பில்லாமல் நான் சமைத்தது ருசியில்லை என்று ஆகிவிட்டது பார், அதை என்னால் தாங்க முடியவில்லை.

கால் வீக்கம் வற்றவில்லை. வைத்தியர் கஷாயத்தை மாற்றினார், அளவைக் கூட்டினார், தலையைச் சொறிந்துகொண்டார். மண்டலம் முடிந்தபோது வீக்கம் முழங்கால் வரை ஏறியிருந்தது. அன்றைக்கு வீட்டில் நாலைந்து கட்சிக்காரர்கள் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் உங்கப்பா கத்தினார்: "வைத்தியரே, நாப்பத்தெட்டு நாளு என்னைப் பட்டினி போட்டீரு. என்னவே வைத்தியம் இது? உம்ம ஏட்டை எல்லாம் ஆத்துல கொண்டு போடும்!" அவர் மருந்துப் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நல்ல மனுஷரின் மானம் பிழைத்திருக்கும். திறக்கவில்லை.

ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்யப் பாபநாசம் போனோம். போக வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது, நல்ல கூட்டம். முழுகிவிட்டு ஈர வேட்டியோடு படியேறினார். பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது. பேச வாய் எடுக்கிறார், மூச்சு இல்லை. நான் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு "யாராவது வாங்களேன், யாராவது வாங்களேன்" என்று கத்துகிறேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் வந்த ஆள் அந்தக் கல்லிடைக்குறிச்சி வைத்தியர். அவரும் தர்ப்பணத்துக்கு வந்திருந்தார்.

உங்கப்பாவைப் படுக்க விடாமல் சாய்த்து உட்கார வைத்தார். காற்று வரட்டும் என்று கூட்டத்தை விரட்டினார். எதையோ தேனில் குழைத்து நாக்கில் தடவினார். நெடுநேரம் கழித்து மூச்சு சீராகி, அவரைச் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சாய்த்தோம். நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரைத் தூக்கு அங்கே திறந்திருந்தது. வைத்தியர் அதிலிருந்து நாலு பருக்கை எடுத்து வாயில் போட்டார். மெல்லச் சவைத்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா தாயி?"

"நாலாம் நாள்ல இருந்து" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஐயாட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க ஒண்ணு செய்யணும். அவர் இலையில இல்லாத உப்பு உங்க இலையிலயும் இருக்கக் கூடாது. வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் பத்தியம்னா அது தண்டனை. எல்லாரும் சாப்பிட்டா அது சமையல்."

இத்தனை வயசில் நான் கேட்ட வார்த்தைகளில் இதைவிடப் பெரிய வார்த்தை இல்லை. அன்றிலிருந்து நானும், உன் தங்கையும், வேலைக்காரி வள்ளியும் அதே சோற்றைத்தான் சாப்பிட்டோம். முதல் வாரம் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ரோஷம் வந்தது. உப்பு இல்லாவிட்டால் என் கைக்கு ருசி கிடையாதா, பார்த்துவிடுகிறேன் என்று இறங்கினேன். சின்ன உள்ளியைச் சுட்டு அரைத்தேன். மிளகும் சீரகமும் அன்றன்றைக்கு வறுத்துப் பொடித்தேன். எலுமிச்சை பிழிந்தேன், இஞ்சி தட்டிப் போட்டேன், கொத்தமல்லியைக் கைப்பிடி கைப்பிடியாகக் கிள்ளினேன். கீரை தினமும். கொள்ளு வாரம் இரண்டு நாள். நெய்யும் தேங்காய் எண்ணெயும் முன்னே ஊற்றியதில் கால்வாசி. அப்பளமும் வற்றலும் தீபாவளி பொங்கலுக்கு மட்டும். மூன்று மாதத்தில் நாக்கு மறந்துவிடும் எய்யா. ஒரு நாள் அடுத்த வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உங்கப்பா, "கடலையே குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பிற்பாடு வைத்தியர் கொஞ்சம் உப்புச் சேர்க்க அனுமதித்தார். அந்தக் கொஞ்சமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சுருட்டுதான் அவரை விட்டுப் போகவில்லை. விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னார். மார்கழியில் ஒரு காலைப்பொழுது அவர் வழக்குக் கட்டுகளைத் தூசி தட்டும்போது, ஒரு பாகவழக்குக் காகிதத்துக்குள்ளே ஆறு சுருட்டு. எனக்கு வந்ததே கோபம்! "உசிரக் குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க இப்படி ஒளிச்சு வச்சுக் குடிக்குதியளே, இது அடுக்குமா?" என்று அந்தக் காகிதக் கட்டை அவர் முன்னால் போட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை.

"நீ ரசத்துல உப்பு போட்டியே, அந்த மாதிரிதான் இது" என்றார்.

நான் கேட்டேன்: "தெரியுமா?"

"முதல் சிட்டிகையிலயே தெரியும். நாக்கு எனக்குத்தானே? ருசியா இருந்துச்சு, பேசாம இருந்துட்டேன். நீ போட்டது பாதிக் குத்தம்னா, தெரிஞ்சே தின்ன எனக்குப் பாதி." பிறகு, "அந்த வைத்தியர் மானத்தைத்தான் ரெண்டு பேருமாச் சேந்து கொன்னுட்டோம்" என்றார்.

ஆறு சுருட்டையும் அவரே எடுத்துப் போய் அடுப்பில் போட்டார். அதன் பிறகு அவர் சுருட்டைத் தொட்டதாக நான் அறியேன். ஒரு மாதம் எரிச்சலும் புகைச்சலுமாகத்தான் இருந்தார். வாயில் ஏலக்காயும் கிராம்புமாகக் காலம் தள்ளினார். சுருட்டை எரித்த மறு வெள்ளிக்கிழமை, எவர் முன்னால் வைத்தியரைப் பழித்தாரோ அந்தக் கட்சிக்காரர்களில் மூன்று பேரைத் தேடிப் பிடித்து அழைத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்கு நடந்தே போனார். அவர்கள் காது கேட்க, "தப்பு எங்க வீட்டுல. உம்ம மருந்துல இல்ல" என்று சொல்லிக் கும்பிட்டார். வைத்தியர், "நடந்தா வந்திய? நெஞ்சு படபடக்குதா?" என்று மட்டும் கேட்டு நாடியைப் பிடித்தாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கோபத்தில் கத்தி ஜெயித்த நாட்களில்கூட அவர் அப்படித் தூங்கியதில்லை.

அந்த நடையும் ஒரே நாளில் வரவில்லை. பாபநாசத்திலிருந்து வந்த புதிதில் கிணற்றடி வரை நடந்தாலே திண்டாட்டம். வைத்தியர் உத்தரவுப்படி அடுத்த வாரம் தெருமுனை. அதற்கடுத்து கோயில் வாசல். கடைத்தெருவில் பத்தமடைப் பாய் விற்கும் மீரான் அண்ணாச்சி உனக்கு நினைவிருக்கும். உங்கப்பா தனியாகத் தள்ளாடி நடப்பதைப் பார்த்துவிட்டு, விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவர் எங்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். "வக்கீலய்யா, ஆறு ஓடட்டும், நாம பைய நடப்போம்" என்பார். நடக்கும்போது இரண்டு பேரும் பேச வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். அதுதான் அவர்கள் கணக்கு. ஆறு மாதத்தில் வில்வண்டி தொழுவத்தில் தூங்கியது. கோர்ட்டுக்கு நடந்து போவதைப் பார்த்து, "வக்கீலய்யா வண்டிமாடு செத்துப் போச்சோ?" என்று சிலர் சிரித்தார்கள். பழைய மனுஷர் என்றால் அங்கேயே ஒரு சண்டை. "மாடு நல்லா இருக்கு. நானும் நல்லா இருக்கணும்லா?" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேலே அவர் இருந்தார். நீ பரீட்சை தேறியதைப் பார்த்தார். உன் கல்யாணத்தில் ஆசீர்வாதம் செய்தார், தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்தார், உன் மகனை மடியில் வைத்துக் காது குத்தினார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது விஷக் காய்ச்சல், நெஞ்சு இல்லை. காய்ச்சலுக்குப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "பழைய நோயை நன்றாக வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்" என்றார். அவர் போன துக்கத்திலும் அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த வருஷங்கள் தெய்வம் கொடுத்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் தினந்தினம் அவற்றை நாங்கள் சமைத்தோம், நடந்தோம், தூங்கினோம். அதனால்தான் இவ்வளவு திடமாக எழுதுகிறேன். அது முடியும். நாற்பத்தாறில் கோபக்கார வக்கீலால் முடிந்தது, இருபத்தொன்பதில் உன்னால் முடியாதா?

இனி உன் சங்கதி. திங்கட்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சையும் காலையும் காட்டு. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். அம்மா சொன்ன கைவைத்தியம் போதும் என்று இருந்துவிடாதே. உங்கப்பா காலில் இருந்த குழியும் உன் காலில் இருக்கும் குழியும் ஒன்றுதானா என்பது எனக்குத் தெரியாது, டாக்டருக்குத்தான் தெரியும். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதையும் அவரிடமே கேள். கப்பல் ஆபீஸ் துரைமார் பிடிக்கிறார்கள் என்று நீ பிடிக்கும் சிகரெட்டு இன்றோடு போகட்டும். உங்கப்பாவைப் போல ஒளித்து வைக்காதே. ஒளிக்கத் தோன்றினால் பார்வதியிடம் சொல்லிவிடு, ஆசை பாதி குறைந்துவிடும். ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு ஆபீஸ் காகிதம் பார்ப்பதை விட்டுவிட்டு எட்டு மணிக்குள் சாப்பிட்டுப் படு. வயிற்றில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். மேலதிகாரி மேல் வரும் கோபத்தை வீட்டுக்குக் கொண்டு வராதே. வருகிற வழியில் கடற்கரையில் அதை இறக்கி வைத்துவிட்டு வா.

எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒன்று. பார்வதி உப்பைக் குறைத்துச் சமைக்கும் முதல் நாள், நீ முகம் சுளிக்காதே. நீ ஒரு கவளத்தோடு இலையை ஒதுக்கினால் அவள் கை தானாக உப்புச் சட்டிக்குப் போகும். அவள் மேல் தப்பு இல்லை. எந்தப் பெண்ணின் கையும் போகும். புருஷன் பசியோடு எழுந்திருப்பதைப் பார்ப்பது அத்தனை கஷ்டம். "இன்னைக்கு இது போதும், நாளைக்குப் பழகிரும்" என்று ஒரு வார்த்தை சொல். நீயும் அவளும் பிள்ளையும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுங்கள். பார்வதிக்குத் தூக்கலாக உப்புப் போடச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில், "என் மகனுக்கு உப்பு முன்னால நிக்கணும்" என்று சொன்னேன். உங்கப்பாவோடு பட்ட அத்தனையும் தெரிந்தே, உனக்கென்று வந்தபோது பழைய பெருமையில் அப்படிச் சொல்லிவிட்டேன். என் மகன்தானே, சின்னப் பிள்ளைதானே, உனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நான் கற்றுக் கொடுத்ததை நானே வந்து மாற்றிக் கொடுப்பதுதான் முறை. பார்வதிக்கு உள்ளியும் மிளகும் வைத்துக் காட்ட ஒரு மாதமாவது அங்கே இருப்பதாக எண்ணம். அவளிடமும் இதைப் படித்துக் காட்டு.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு ஜட்கா பிடித்து வராதே. டாக்டர் நடக்கலாம் என்று சொல்லியிருந்தால் நடந்து வா. கூடாது என்று சொல்லியிருந்தால் வீட்டில் இரு, நானே வழி கேட்டு வந்து சேருகிறேன். நீ வந்தால், மூட்டையை ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டே பைய நடப்போம். பேச முடியாமல் உனக்கு மூச்சு வாங்கினால் சொல்லிவிடு எய்யா, வெயில் என்று சொல்லாதே. நான் நிற்கிறேன்.

உன் அம்மா